ஏழாம் நம்பர் நழுவும் நேரம்

சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் பக்கத்தில் ஓர் ஊர் இருந்தால் குவாரி கொஞ்சம் கொஞ்சமாக வளரும், ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. மேலக்கரம்பையில் முதலில் சோளக்காடு போனது, அப்புறம் ஏரியின் வடகரை போனது, அப்புறம் மாடு மேய்ந்த தரிசும் போனது. மிச்சமிருந்தது நாலு தெருவும் ஒரு மாரியம்மன் கோயிலும், எந்நேரமும் வீட்டுக்குள் நுழைந்து சோற்றில் வந்து உட்காரும் வெள்ளைத் தூசியும்தான். இப்படி வாங்கிக்கொண்டே இருந்த குவாரி ஊருக்குத் திருப்பிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. அதையும் அது தெரிந்து கொடுக்கவில்லை.

வைகாசி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், குவாரியின் ஏழாம் நம்பர் டம்பர் வண்டி பள்ளத்தின் அடியிலிருந்து பாரம் நிறையக் கல்லை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாதையில் வந்துகொண்டிருந்தபோது, பாதி மேட்டில் அதன் எஞ்சின் தொண்டை கிழியக் கத்தியது, ஆனால் வண்டி நகரவில்லை. அது தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி, கிளட்ச் மிதிக்கும் வேலை டிரைவருக்குக் கிடையாது. ஆகவே டிரைவர் தேசிங்கு செய்ய முடிந்ததெல்லாம் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கெட்ட வார்த்தை பேசுவது மட்டும்தான், அதை அவன் ஒரு குறையும் வைக்காமல் செய்தான். அதே நேரத்தில் ஊருக்குள், கீழத்தெருவில் பெல்ட் அறுந்து கிடந்த கிரைண்டர் மாவில்லாமல் வெறுங்கல்லைச் சுற்றியது, துருவேறி இறுகிப்போன கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டு உருண்டது, மேலத்தெருவின் கடைசி வீட்டில் இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் வருஷக்கணக்காகக் கிடந்த கலியபெருமாளின் கால்கள் கட்டிலைவிட்டு இறங்கித் தரையில் ஊன்றி, அவனைத் தூக்கிக்கொண்டு வாசற்படி வரைக்கும் நடந்தன. மேட்டில் கியர் பிடித்து வண்டி நகர்ந்ததும் எல்லாம் நின்றது. கலியபெருமாள் வாசற்படியில் மூட்டை மாதிரி விழுந்தான்.

அவன் மனைவி அஞ்சலாட்சி வறட்டி தட்டிக்கொண்டிருந்த கையோடு ஓடிவந்தாள்.

"ஏன் இங்க வந்து கெடக்குறீங்க?"

"நடந்து வந்தன்."

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா? நான் வந்து புடிச்சிருப்பன்ல" என்று திட்டியபடியே அவனைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டாள்.

நகர வேண்டியது எதுவோ அது நகராமல் கிடந்தால், ஏழாம் நம்பர் மேட்டில் தொலைக்கிற ஓட்டம் அதற்குள் போய்ச் சேர்ந்துகொள்கிறது என்று ஊருக்குப் புரிய அதிக நாள் ஆகவில்லை. ஏன் எதற்கென்று யாரும் கேட்கவில்லை. கரண்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டா ஃபேன் போடுகிறோம். முழங்கால் பிடித்துப்போன கிழவிகள், வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்தவர்கள், கீல்வாயுக்காரர்கள் எல்லாரும் அந்த நேரத்துக்காகக் காத்திருந்து எழுந்து நடந்தார்கள், வண்டி கியர் பிடித்ததும் நின்ற இடத்தில் அப்படியே விழுந்தார்கள். விழுந்து மண்டை உடைந்த பிறகுதான், வழியில் எங்கே நிற்க நேருமோ அங்கெல்லாம் ஒரு நாற்காலி போட்டுவைக்கும் வழக்கம் வந்தது. பிளாஸ்டிக் நாற்காலி, பின்னல் அறுந்த நாற்காலி, பள்ளிக்கூடத்திலிருந்து யாரோ கொண்டுவந்த பெஞ்சு என்று நாலு தெருவிலும் நாற்காலிகள் நின்றன, புதிதாக ஊருக்கு வந்தவர்கள் ஏதோ கூட்டம் நடக்கப்போகிறது என்று நினைத்தார்கள். தேசிங்கும் தன் பங்குக்கு மேட்டில் திரும்பும் முன்னால் நீளமாக ஹாரன் அடித்தான், ஹாரன் கேட்டதும் பிள்ளைகள் விலகிக்கொள்ள, பெரியவர்கள் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்தார்கள்.

எல்லாமே நல்லதாக நடந்தது என்று சொல்ல முடியாது. எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்ற சண்டையில் பல காலமாகக் கொட்டகைக்குள் நின்ற மாரியம்மன் தேர், ஒரு நாள் தானாக உருண்டு வெளியே வந்து, இரண்டு தெருவுக்கும் பொதுவான முக்கில் நின்றுகொண்டது. அதனால் இரண்டு தெருவுக்கும் கோபம். மாதக்கணக்கில் உயிர் இழுத்துக்கொண்டு கிடந்த முத்தையன் உடையார், ஏழாம் நம்பர் கியர் பிடிக்காமல் கொஞ்சம் நீளமாக நழுவிய ஒரு காலையில் சட்டென்று போய்ச் சேர்ந்தார். அவருடைய மருமகள்கள் ஓவென்று அழுதுவிட்டு, கருமாதி முடிந்த கையோடு தேசிங்கு வீட்டுக்கு ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தாலுகா ஆபீசில் கிடந்த பட்டா மனுக்கள் மட்டும் கடைசிவரை நகரவில்லை. அவ்வளவு தூரத்துக்கு ஏழாம் நம்பரிடம் இழுவை இல்லை.

கலியபெருமாள் ஒரு காலத்தில் அதே ஏழாம் நம்பரின் டிரைவராக இருந்தவன். பின்கதவைப் பூட்ட இறங்கியவன் முதுகில் பாரத்திலிருந்து ஒரு கல் உருண்டு விழுந்தது, அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவன் உலகம் கட்டிலுக்கும் கூரைக்கும் நடுவில் முடிந்துபோனது. அஞ்சலாட்சி அவனைத் தூக்கினாள், துடைத்தாள், கழுவினாள், ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அவள் முகம் சுளித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவனுக்கு இருந்தது. அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அவன் கண்ணை மூடிக்கொள்வான், அவள் திரும்பி வந்து கை கழுவும் சத்தம் கேட்கும்வரை திறக்க மாட்டான்.

கொல்லையின் கோடியில் ஒரு பூவரச மரம் இருந்தது. அதன் மறைவில் நின்றுதான் அந்த வீட்டு ஆண்கள் காலங்காலமாக ஒன்றுக்குப் போனார்கள். கலியபெருமாளின் ஆசை அவ்வளவுதான்: யாரும் பிடிக்காமல், யாரும் பார்க்காமல், பூவரசு வரைக்கும் தானாக நடந்துபோய், நின்றுகொண்டே ஒன்றுக்கு இருந்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். வைகாசியில் வாசற்படி வரை போனவன் ஆனியில் முற்றத்தைத் தாண்டினான், ஆடியில் மாட்டுக் கொட்டகை வரை போனான். ஒவ்வொரு நாளும் விழுகிற இடத்துக்கு அஞ்சலாட்சி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். நாற்காலி மரத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. ஏனென்றால் ஏழாம் நம்பரின் நோய் முற்றிக்கொண்டே வந்தது.

அந்த நோயைப் பார்க்க வேண்டிய மெக்கானிக் ராஜகண்ணு, அஞ்சலாட்சியின் கூடப்பிறந்த அண்ணன்.

ராஜகண்ணு அதிகம் பேசாத, பேசினால் வள்ளென்று விழுகிற ஆள். வண்டிகளிடம் மட்டும் பொறுமையாக இருப்பான். அவன் 'ஏறும்' என்று சொல்லாமல் குவாரியில் எந்த வண்டியும் காலையில் முதல் நடைக்கு இறங்காது. டிரைவர்களுக்குப் பல் விளக்குவது போல அது ஒரு பழக்கம், எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, கற்பூரம் கொளுத்தி, பட்டறைப் பக்கம் திரும்பி, "ஏறுமாண்ணே?" என்று கேட்பார்கள். அவன் ஸ்பேனரிலிருந்து தலை தூக்காமல் "ஏறும்" என்பான். அதற்குப் பிறகு வண்டி பழுதானால் அது விதி, பழுதாகாவிட்டால் அது ராஜகண்ணு.

நடை குறைகிறது, பாரம் குறைகிறது என்று மேனேஜர் ஆவணியில் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஆயில் எல்லாம் ஃபுல்லா இருக்கு ராஜகண்ணு, நானே தினம் காலையில கம்பிய உருவிப் பாக்குறன். வேற என்னான்னு பாரு."

மேனேஜர் சொன்னதில் பொய் இல்லை. அவரும் சரி, டிரைவர்களும் சரி, கையால் கியர் போடும் பழைய லாரிகளில் வளர்ந்தவர்கள். லாரிக்காரர்களுக்கு ஆயில் பார்ப்பது என்றால் விடிந்ததும், வண்டி கிளப்பும் முன்னால், கம்பியை உருவித் துடைத்து விட்டுப் பார்ப்பது. ஆனால் இந்த வண்டியின் கியர்பெட்டியில் அந்தப் பழக்கம் செல்லாது. எஞ்சின் நின்றிருக்கும்போது மேலே இருந்த ஆயிலெல்லாம் கீழே இறங்கிவந்து கம்பியில் நிறையத்தான் காட்டும். எஞ்சின் ஓடி, சூடேறி, ஆயில் தன் வேலைக்குப் போன பிறகு அடியில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். ராஜகண்ணு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, ஓடும்போதே கம்பியை உருவினான். நுனியில் மட்டும் ஒட்டியிருந்தது. சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கறுத்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனான், அடிப்பிடித்த பால் வாசனை அடித்தது. உள்ளே கியரைப் பிடித்துக்கொள்ளும் பிளேட்டுகள் தேய்ந்து கருகிக்கொண்டிருக்கின்றன என்று அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இருந்தாலும் அவன் எதையும் பாதியில் விடுகிறவன் இல்லை. தேசிங்கைக் கேபினில் ஏறச் சொன்னான்.

"பிரேக்க முழுசா மிதிச்சுக்க. கியரப் போட்டு ஆக்சிலேட்டர அடி வரைக்கும் அழுத்து. எஞ்சின் வேகம் காட்டுற முள்ளு எதுவரைக்கும் ஏறுதுன்னு பாக்கணும். நான் கை காட்டினதும் விட்டுரு, இல்லன்னா ஆயில் கொதிச்சிரும்."

பிளேட்டுகள் நன்றாகப் பிடித்தால் எஞ்சின் ஒரு அளவுக்கு மேல் போக முடியாமல் முக்கி நிற்கும். ஏழாம் நம்பரின் முள் அந்த அளவைத் தாண்டி, அதற்கு அடுத்த கோட்டையும் தாண்டி, ஒரு தடையும் இல்லாமல் ஏறியது. எஞ்சினின் பலமெல்லாம் சக்கரத்துக்கு வராமல் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்பது ராஜகண்ணுவுக்குத் தெரியும். கேபின் படியில் ஏறி நின்ற அவன், கை காட்ட வேண்டிய நேரம் வந்தும் காட்டாமல் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான், தேசிங்கு ஜன்னல் வழியாக, "அண்ணே, பொகையுது!" என்று கத்திய பிறகுதான் கையைத் தூக்கினான்.

சற்று நேரத்தில் பட்டறைக் கேட்டில் அஞ்சலாட்சி மூச்சிரைக்க வந்து நின்றாள். காலில் செருப்புகூட இல்லை.

"அண்ணே, அம்மிக்கல்லு வரைக்கும் போயிட்டாருண்ணே. இன்னும் கொஞ்சந்தான். பூவரசு எல தலையில படுது."

ராஜகண்ணு கையைத் துடைத்துக்கொண்டே அவளை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"அஞ்சல, அந்தப் பெட்டிய எறக்கிப் புது பிளேட்டு போடணும். ஸ்டோர்ல சாமான் இருக்குது. ரெண்டு நாள் வேல."

அவள் முகம் விழுந்துவிட்டது. "போட்டுட்டா?"

"வண்டி நழுவாது."

"நான் என்னாண்ணே கேக்குறன்? அவரு ஓடணும், வண்டி ஓட்டணும்னா கேக்குறன்? அந்த மரம் வரைக்கும் ஒரே ஒரு தடவ. அதுக்கப்புறம் நீ எத வேணும்னாலும் மாத்து. ராத்திரியில சொவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டு அழுவுறாரு, நான் தூங்குறேன்னு நெனச்சுக்கிட்டு."

"தேசிங்கு அதுல உக்காந்திருக்கான்."

"அவருதான் பிரேக் புடிச்சுக்கிறாரே. இத்தினி நாளும் புடிக்கலியா?"

ராஜகண்ணு பட்டறைக்குள் திரும்பிப் போனான். சாயங்காலம் மேனேஜரிடம் போய், "ஆயில் சரியாத்தான் சார் இருக்கு. வெய்யிலுக்கு அப்படித்தான். மழ வந்தா சரியாயிடும்" என்றான். அவர் மறுநாள் காலையில் பழக்கம் போலக் கம்பியை உருவிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து ராஜகண்ணு தன் வாழ்நாளில் செய்யாத ஒரு வேலையைச் செய்தான். ஒரு வண்டியைச் செத்துப்போகவும் விடாமல், பிழைத்துவிடவும் விடாமல் வைத்திருக்கும் வேலை. நழுவல் நிற்காத அளவுக்குக் கொஞ்சமாக ஆயில் ஊற்றினான், பெட்டி ஒரேயடியாகப் படுத்துவிடாத அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினான். இத்தனைக்கும் அவன் கெட்டவன் இல்லை. அதுதான் துக்கம். கெட்டவனாக இருந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

தேசிங்குக்கு எல்லாம் தெரியும். ஊரே அவனைக் கைகூப்புகிறது, கிழவிகள் நெற்றியில் விபூதி இட்டுவிடுகிறார்கள், அவன் மனைவி கோசலை குடத்தோடு போனால் குழாயடியில் வழி விடுகிறார்கள்; இதையெல்லாம் எந்த டிரைவர் விடுவான். "நம்ம வண்டி சாமி வண்டிண்ணே" என்று சிரிப்பான். ஆனால் காலையில் கற்பூரம் கொளுத்திவிட்டுப் பட்டறையைப் பார்த்துக் கேட்கும்போது மட்டும் சிரிக்க மாட்டான். "ஏறுமாண்ணே?" என்பான், பதில் வரும்வரை வண்டியில் கால் வைக்க மாட்டான். "ஏறும்" என்பான் ராஜகண்ணு. அவன் இப்போதெல்லாம் அதைத் தலை தூக்காமல் சொல்வது பழக்கத்தினால் அல்ல.

ஐப்பசியில் மழை பிடித்தது. மேட்டுப்பாதை களிமண்ணாக வழுக்கியது. அஞ்சலாட்சியின் நாற்காலி அம்மிக்கல்லைத் தாண்டிப் பூவரசின் நிழலுக்குள் போய் நின்றது, இன்னும் ஒரு நல்ல நழுவல் கிடைத்தால் போதும். இந்த இடத்தில்தான் ராஜகண்ணு, அவ்வளவு கெட்டிக்காரன், ஒன்றைப் பார்க்கத் தவறினான். மாதக்கணக்காக ஒவ்வொரு நடையிலும் நழுவிய வண்டியை மேட்டில் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது பிரேக். கியர்பெட்டியை முகர்ந்தார்கள், சூடு பார்த்தார்கள், முள் பார்த்தார்கள், பிரேக் கட்டைகள் என்ன ஆயின என்று யாரும் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கவில்லை. வைகாசியிலிருந்து ஊர் நடந்த நடை அத்தனையையும் கொடுத்தது ஏழாம் நம்பரின் கியர்பெட்டி. அதற்காகத் தேய்ந்துகொண்டே இருந்தது அதன் பிரேக்.

அன்று காலையில் தூறல். கற்பூரம் அணைந்து அணைந்து போனது, தேசிங்கு இரண்டு மூன்று தீக்குச்சி கிழித்துவிட்டு, "ஈரமா இருக்குண்ணே. ஏறுமா?" என்றான்.

"ஏறும்" என்றான் ராஜகண்ணு.

முதல் நடையிலேயே, பாதி மேட்டுக்கும் மேலே, ஏழாம் நம்பர் ஹாரன் அடித்து, கத்தி, நின்றது. தேசிங்கு பிரேக்கை மிதித்தான். மிதி தரை வரைக்கும் போனது, பிரேக் பிடிக்கவில்லை. பாரத்தோடு வண்டி பின்பக்கமாக இறங்கி, களிமண்ணில் வழுக்கி, விளிம்பை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் உருண்டு, அடியில் ஒருக்களித்து விழுந்தது. விழுந்த வண்டியின் எஞ்சின் நிற்கவில்லை. தேசிங்கின் கால் ஆக்சிலேட்டரின் மேலேயே சிக்கிக் கிடந்தது.

ஊருக்கு இது தெரியாது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம், இதுவரை இல்லாத நீளத்துக்கு நழுவல் நீண்டுகொண்டே போகிறது என்பதுதான். கிழவிகள் எழுந்து தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தார்கள், திரும்பவும் போனார்கள். வாதம் வந்த மாணிக்கம் நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு, உட்காராமல், வெற்றி பெற்றவன் போல நடந்தான். கிரைண்டர் சுற்றியது, ராட்டினம் சுற்றியது, தேர் முக்கிலிருந்து கிளம்பி மேலத்தெருவுக்குள் போய், அங்கிருந்து கீழத்தெருவுக்குள்ளும் போனது, இந்த முறை யாருக்கும் கோபம் வரவில்லை. யாரோ குலவை போட்டார்கள். தூறலில் ஊரே சிரித்துக்கொண்டு நடந்தது.

கலியபெருமாள் கட்டிலைவிட்டு எழுந்தான், முற்றம் தாண்டினான், கொட்டகை தாண்டினான், அம்மிக்கல் தாண்டினான், நாற்காலியைத் தாண்டிப் பூவரசின் மறைவுக்குப் போனான். அஞ்சலாட்சி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள். அவன் நின்றபடி, மழை இலைகளில் விழும் சத்தத்தைக் கேட்டபடி, அவசரமில்லாமல் ஒன்றுக்கு இருந்தான். முடித்துவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பியவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவள் பார்த்தாள். அடுத்த நிமிஷமே அது போனதையும் பார்த்தாள்.

அவன் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த வண்டியை ஓட்டியவன் அவன்.

"அஞ்சல, சத்தம் ஏறல, எறங்கல. ஒரே மாரி இருக்குது. ஆக்சிலேட்டர்ல கெடக்குற காலு எடுக்க முடியாம கெடக்குது."

அதற்குள் அவன் படலைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிட்டான். நடந்து மகிழ்ந்துகொண்டிருந்த ஊரின் நடுவே, யாரையும் பார்க்காமல், குவாரியை நோக்கி வேகமாக நடந்தான். அஞ்சலாட்சி பின்னால் ஓடினாள், அவளால் அவனை எட்டிப்பிடிக்க முடியவில்லை.

பள்ளத்தில் ராஜகண்ணு ஏற்கனவே கேபினின் மேல் ஏறியிருந்தான். டீசல் சொட்டிச் சொட்டிச் சூடான எஞ்சினின் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்தாமல் யாரும் கிட்டே போகாதீர்கள் என்று மேனேஜர் மேலிருந்து கத்தினார், ஆட்கள் கடப்பாரையோடு தள்ளி நின்றார்கள். ராஜகண்ணு உடைந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டு, எஞ்சினை அணைக்க இழுக்கும் குமிழைப் பிடித்துவிட்டான். பிடித்த நேரத்தில் தலை தூக்கியவன், மழைக்குள் மேட்டுப்பாதையில் தன் தங்கை புருஷன் நேராக நிமிர்ந்து நடந்து வருவதைப் பார்த்தான். குமிழில் வைத்த கை அங்கேயே நின்றுபோனது.

கலியபெருமாள் வண்டியருகே வந்து கேபினுக்குள் குனிந்து பார்த்தான்.

"மச்சான், இழுங்க."

"மாப்ள, நீ மேல போயிரு" என்றான் ராஜகண்ணு. "வூட்டுக்குப் போயி கட்டில்ல ஏறிக்க. அதுக்கப்புறம் இழுக்குறன்."

"அதுவரைக்கும் இவன் தாங்குவானா?"

ராஜகண்ணுவின் கை குமிழின் மேலேயே இருந்தது, இழுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அஞ்சலாட்சி மேட்டில் பாதி வழியில் வந்து நின்று இரண்டு பேரையும் பார்த்தாள். கலியபெருமாள் ஒரு நிமிஷம் தன் கால்களைக் குனிந்து பார்த்தான், ஈரத்தில் அவை நன்றாக ஊன்றி நின்றன. பிறகு கையை உள்ளே விட்டு, மச்சானின் விரல்களுக்கு மேல் தன் விரல்களை வைத்து, குமிழை இழுத்தான்.

எஞ்சின் நின்றது. கலியபெருமாள் கல்லின் மேல் விழுந்தான்.

ஊரில் அத்தனை பேரும் இருந்த இடத்தில் நின்றார்கள். நாற்காலிக்கு அருகில் இருந்தவர்கள் உட்கார்ந்தார்கள், இல்லாதவர்கள் சேற்றில் விழுந்தார்கள். தேர் கீழத்தெரு நடுவில் நின்றது, இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது.

வண்டி உருண்டபோதே தேசிங்கு போய்விட்டான் என்று டாக்டர் சொன்னார். எஞ்சின் நின்ற பிறகு அவன் மூச்சு விடும் சத்தம் கேட்டதாகக் கடப்பாரையோடு நின்ற ஆட்களில் ஒருவன் சொன்னான். அது பிரேக் டேங்கிலிருந்து காற்று இறங்கிய சத்தம் என்று இன்னொருவன் சொன்னான். அன்று மேட்டுப்பாதையில் ஊர் இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு ஏறியது, மழையில் கால் வழுக்க வழுக்க. இரண்டு பேரில் ஒருவன் வாய்விட்டு அழுதுகொண்டே வந்தான்.

துக்கத்துக்கு ஊரே திரண்டு வந்தது. உட்கார இடம் போதாமல், தெருத்தெருவாகப் போட்டிருந்த நாற்காலிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்து கோசலையின் வீட்டு வாசலில் போட்டார்கள். நடக்க முடியாதவர்களை வீட்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்து அவற்றில் உட்காரவைத்தார்கள். அஞ்சலாட்சி பூவரசின் அடியில் இருந்த நாற்காலியைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து, கடைசி வரிசையில் போட்டுவிட்டுப் போனாள். எடுத்துப்போட்ட நாற்காலிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக யாரும் வரவில்லை. அதற்கு இனி அவசியமும் இல்லை, ஏழாம் நம்பரை வெட்டி இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

கருமாதி கழிந்த பிறகு ஒரு காலையில் ராஜகண்ணு கோசலையின் வீட்டுக்குப் போனான். அவள் வாசலில் அந்த நாற்காலிகளின் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்குக் காலையில வண்டி ஏறுமான்னு கேட்டாராண்ணே?"

"கேட்டாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

ராஜகண்ணு "ஏறும்னு சொன்னன்" என்றான்.

கோசலை திட்டவில்லை, அழவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். அவன் எதற்காக வந்தானோ அதைச் சொல்ல வாய் வராமல், கையைக் கூப்பிவிட்டுத் திரும்பிப் படலை நோக்கி நடந்தான். வலது காலை எடுத்து வைத்தான், இடது காலை எடுத்து வைத்தான். படல் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னும் வேகமாக நடந்தான். கால்கள் ஏறி இறங்கின, மூச்சு வாங்கியது, வேர்த்துக் கொட்டியது, சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது, ஆனால் அவன் அந்த வாசலில் நின்ற இடத்தைவிட்டு ஓரடிகூட நகரவில்லை.

கோசலை கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், கடைசி வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்து, அவனுக்குப் பின்னால் போட்டாள்.

"உக்காருங்கண்ணே" என்றாள்.